யமகோஷி

யமகோஷி, ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில் இருந்த மலைக் கிராமம். 2005 ஏப்ரல் 1 அன்று நாகாஓகா நகரத்துடன் இணைக்கப்பட்டது. கோஷி வட்டத்தில் எஞ்சியிருந்த ஒரே கிராமம் இது என்பதால், வட்டமும் அன்றோடு இல்லாமல் போனது. யமகோஷியும் பழைய ஊர் அல்ல. 1956இல் நான்கு சிற்றூர்களை ஒன்றாக்கி உருவாக்கிய நிர்வாகக் கிராமமே அது. சுமார் 40 சதுர கிலோமீட்டர் பரப்பில் 14 குடியிருப்புகள் சிதறிக் கிடந்தன. இங்குள்ளவர்களுக்கு ஊர் என்றால் தத்தம் குடியிருப்புதான்.

குளிர்காலத்தில் மூன்று, நான்கு மீட்டர் உயரத்துக்குப் பனி குவியும். மண்ணோ எளிதில் சரியக்கூடியது. ஆனால் அந்தச் சரிவுகளில்தான் படிப்படியாக வயல் வெட்டி நெல் பயிரிட்டார்கள். உருகிய பனிநீரைத் தேக்க வயல்களுக்கு மேலே குளம் வெட்டினார்கள். பனியில் அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் உணவுக்கு ஆகும் என்று அதில் கெண்டை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கெண்டைகளில் சில சிவப்பு நிறத்தோடு பிறந்தன. அவற்றை உண்ணாமல் தனியே பிரித்து இனப்பெருக்கம் செய்தார்கள். இன்று உலகெங்கும் பூங்காக் குளங்களில் நீந்தும் வண்ணக் கெண்டையான நிஷிகிகோயின் தாயகம், யமகோஷியும் பக்கத்து ஓஜியாவும் அடங்கிய இந்த மலைப்பகுதிதான். 1914இல் தோக்கியோ கண்காட்சியில் வைக்கப்பட்ட பிறகே வெளியூர்களில் இதன் புகழ் பரவியது. கோடையில் குஞ்சுகளைச் சலித்து, நிறமும் வடிவும் தேறிய சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அவை சேற்றுக் குளங்களில் வளரும். இலையுதிர் காலத்தில் வலை போட்டுப் பிடித்து, பனி விழுமுன் கூரைக்கு உள்ளே உள்ள தொட்டிகளுக்கு மாற்றுவார்கள். நெல்லும் மீனும் சேர்ந்த இந்த வேளாண்மை 2017இல் ஜப்பானின் தேசிய வேளாண் மரபாக அங்கீகரிக்கப்பட்டது.

மலைப்பாதையில் சுமை இழுத்த காளைகளை மோதவிடும் 'த்சுனோத்சுகி' இங்கு நெடுங்காலமாக நடக்கிறது. 1978இல் அது தேசிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. வெற்றி தோல்வி கிடையாது. 'யோஷ்தா!' என்று கத்தி ஊக்குவிக்கும் ஆட்கள், காளைகளின் வேகம் உச்சத்தில் இருக்கும்போதே பின்னங்காலில் கயிறு போட்டு இழுத்துப் பிரித்துவிடுவார்கள். வீட்டு ஆளாக வளர்த்த மாட்டைத் தோற்கடித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது என்பதே இந்த வழக்கத்துக்குச் சொல்லப்படும் காரணம்.

கொமாத்சுகுரா குடியிருப்பின் மக்கள், பனிக்காலத்தில் நோயாளியைச் சுமந்து கணவாயைக் கடக்கும் அவதியைத் தாங்காமல், 1933இல் மண்வெட்டியும் கூர்முனைக் கோடாலியும் கொண்டு மலையைக் குடைய ஆரம்பித்தார்கள். போரால் இடையில் நின்ற வேலை 1949இல் முடிந்தது. சுமார் 900 மீட்டர் நீளமுள்ள நகயாமா சுரங்கப்பாதையை 1998 வரை பயன்படுத்தினார்கள்; இப்போது பாதுகாக்கப்படுகிறது.

2004 அக்டோபர் 23 மாலை 5.56 மணிக்கு 6.8 அளவிலான சூயெத்சு நிலநடுக்கம் தாக்கியது. சாலைகள் எல்லாம் சரிந்து கிராமம் துண்டிக்கப்பட்டது. சுமார் 2,200 பேரையும் ஹெலிகாப்டரில் நாகாஓகாவுக்கு அழைத்துச் சென்றார்கள். காளைகளும் மீன்களும்கூடப் பின்னர் வான்வழியே மீட்கப்பட்டன. மலைச்சரிவு இமோகவா ஆற்றை அடைத்ததால் கொகொமோ குடியிருப்பின் வீடுகள் நீரில் மூழ்கின.

நகரத்துடன் இணைவதற்கான ஏற்பாடுகள் நிலநடுக்கத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்தன. அதனால் மக்கள் தற்காலிக வீடுகளில் இருந்தபோதே, ஆளில்லாத கிராமம் ஏட்டிலிருந்தும் நீங்கியது. ஆனாலும் ஊர் கலையாமல் இருந்ததற்கு, கடைசி ஊர்த்தலைவர் நாகஷிமா தாதயோஷி எடுத்த ஒரு முடிவே முதன்மைக் காரணம் எனலாம். முகாம்களில் கலந்து தங்கியிருந்தவர்களை அவர் குடியிருப்புவாரியாக மாற்றி அமர்த்தச் செய்தார். தற்காலிக வீடுகளும் அதே வரிசையில் ஒதுக்கப்பட்டன. பழைய அண்டைவீட்டார் அங்கும் அண்டைவீட்டாராகவே இருந்தார்கள். 'யமகோஷிக்குத் திரும்புவோம்' என்ற அறைகூவல் வெறும் முழக்கமாகப் போகாததற்கு அதுவே அடிப்படை. 2007க்குள் பெரும்பான்மையினர் திரும்பிவிட்டார்கள். நாகஷிமா பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரானார், 2017இல் காலமானார்.

முதுமையையும் இளைஞர் வெளியேற்றத்தையும் மட்டும் தடுக்க முடியவில்லை. இன்று நாகாஓகாவின் ஒரு பகுதியான யமகோஷியின் மக்கள்தொகை 2020களில் 800க்கும் கீழே போய்விட்டது. இந்த நிலையில், 2021 டிசம்பரில் உள்ளூர் அமைப்பொன்று நிஷிகிகோய் ஓவியங்களை என்.எஃப்.டி. எனப்படும் டிஜிட்டல் உரிமைச் சான்று வடிவில் விற்று, வாங்குவோரை 'டிஜிட்டல் ஊரார்' ஆக்கியது. அவர்களின் எண்ணிக்கை ஊரில் வசிப்போரைத் தாண்டியது. விற்பனைப் பணத்தில் ஒரு பகுதியை எந்தத் திட்டத்துக்குச் செலவிடலாம் என்பதில் அவர்களுக்கும் வாக்குரிமை தரப்பட்டது.