பல் அறுவைக்குப் பின் மென்னுணவு

பல் பிடுங்கிய பிறகு, அல்லது ஈற்றிலும் தாடை எலும்பிலும் அறுவை செய்த பிறகு, காயம் ஆறும்வரை மெல்லாமல் விழுங்கும் பக்குவத்தில் உண்ணும் உணவு மென்னுணவு எனப்படும். நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினாலே மசிய வேண்டும், அளவுகோல் அவ்வளவுதான். எலும்புக்குள் புதைந்த கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தவர்களுக்கு இது மிகவும் தேவைப்படும். அவர்களுக்குக் கன்னம் வீங்கும், வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காது, தையலும் போடப்பட்டிருக்கும்.

மென்மையான உணவுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, கூழ், கஞ்சி என்று அன்றாடச் சமையலில் பாதி அதுதான். ஆனால் அந்தப் பாதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. காயத்தை ஆற்றும் புரதம் அதில் குறைவு என்பதை வீடுகளில் அநேகமாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

குழியும் உறைவும்

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அந்த உறைவு அடியிலுள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காக்கிறது. புதுத் திசு வளர்வதும் அதைப் பற்றிக்கொண்டுதான். உறைவு காலத்துக்கு முன்பே கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெளியே தெரியும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் காதுவரை இழுக்கும் வலி கிளம்பும், வாய் நாறும். பல் மருத்துவர்கள் இதை ‘டிரை சாக்கெட்’ என்கிறார்கள்; 1896இல் கிராஃபோர்டு என்பவர் இதை மருத்துவ ஏட்டில் விவரித்தார். கீழ் ஞானப்பல் குழியில்தான் இது அதிகம் வருகிறது. புகைப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் ஆபத்து கூடுதல்.

இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது என்று சொல்வது இதனால்தான். உறிஞ்சும்போதும் காறித் துப்பும்போதும் வாய்க்குள் உண்டாகும் இழுவிசை உறைவைப் பெயர்த்துவிடலாம். வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு இரட்டைக் கேடு: பாக்குத் துகளும் உறுத்தும், ஓயாமல் துப்பவும் வேண்டியிருக்கும்.

முதல் நாள்

குழியின்மேல் வைத்துக் கடித்துப் பிடித்திருக்கும் பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் கழித்து எடுக்கலாம். ஊசியால் வந்த மரப்பு தெளிய மேலும் சில மணி நேரம் ஆகும். அதற்குள் சாப்பிட உட்கார்ந்தால் உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொள்வதும், சூடு தெரியாமல் வாயைப் பொசுக்கிக்கொள்வதும் நடக்கும்; குழந்தைகளிடம் இது மிகுதி. அன்றைக்கு எல்லாமே ஆறியதாகவோ குளிர்ந்ததாகவோ இருக்கட்டும். சூடு ரத்தக் கசிவைக் கூட்டும். முந்திரியும் பிஸ்கட்டும் சேராத ஐஸ்கிரீமைக் கரண்டியால் சாப்பிடலாம். சளி பிடிக்கும் என்ற பயம் தேவையில்லை. குளிர்ச்சி இதமாகத்தான் இருக்கும். நீர்மோர், இளநீர், ஆறிய பால், தண்ணீர் ஆகியவற்றைக் கிண்ணத்திலிருந்து நேராகக் குடிக்க வேண்டும்.

வீக்கம் இரண்டு, மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு வடியும். அந்த நாட்களில் வாய் திறக்காமல் தவிப்பவருக்குச் சிறு கரண்டியே துணை.

புரதக் கணக்கு

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் தேவை; 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். இது நலமாக இருப்பவருக்கான அளவு. ஒரு வேளை நொய்க்கஞ்சிக்குப் போடும் 30 கிராம் அரிசியில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம்தான். மூன்று வேளையும் கஞ்சியே குடித்தால் எங்கே நிற்போம் என்பது தெரிந்ததே.

இதை ஈடுகட்ட அயல்நாட்டுப் பொடி டப்பா எதுவும் வேண்டாம். இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலில் 16, ஐம்பது கிராம் பாசிப்பருப்பில் 12, இருநூறு கிராம் தயிரில் 6, நாள் முழுவதற்குமான நூறு கிராம் அரிசியில் 7 அல்லது 8. கூட்டினால் ஏறத்தாழ 54 வந்துவிடுகிறது. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மத்தால் கடைந்து சோற்றோடு பிசையலாம். முட்டையைக் கொங்கு வட்டாரத்துக் கலக்கி போல, மிளகுத்தூள் இல்லாமல், பாதி வெந்த பதத்தில் எடுத்தால் மெல்லவே வேண்டியதில்லை. முட்டை சாப்பிடாதவர்கள் பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். முள் நீக்கி அவித்த மீன் மூன்றாம் நாளுக்குமேல் ஏற்றது. எலும்பு சூப்புக்கு ஊரில் இருக்கும் மரியாதை சற்று அதிகம். அதிலுள்ள புரதம் பெரும்பாலும் ஜெலட்டின், அளவும் சொற்பம். நீர்ச்சத்துக்காகக் குடிக்கலாம், பலத்துக்காக நம்ப வேண்டாம்.

பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டையும் மீனும் புண்ணுக்கு ஆகாது என்ற பத்தியம் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. சீழ் பிடிப்பது கிருமித் தொற்றால், பருப்பால் அல்ல. புண் ஆறத் தேவையான பொருட்களையே விலக்கிவைப்பதால், இந்தப் பத்தியம் நோயாளிக்கு எதிராகவே வேலை செய்கிறது.

திசுவைக் கட்டும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். நன்கு பழுத்த பப்பாளி இதற்கு மிகப் பொருத்தம்: மசியும், புளிக்காது, விதையைச் சுரண்டி எடுத்துவிடலாம். கொய்யாவில் சத்து நிறைய உண்டு, விதையும் நிறைய உண்டு. காயம் மூடும்வரை அது வேண்டாம்.

தாளிப்பு என்னும் தொல்லை

தயிர்சாதம் மென்னுணவு, அதில் மிதக்கும் கடுகு அப்படியல்ல. குழிக்குள் போய் உட்கார்ந்தால் எளிதில் வெளியே வராத பொருட்களில் கடுகு, வறுத்த உளுத்தம்பருப்பு, எள், தக்காளி விதை, உப்புமாவின் ரவை, பொரி ஆகியவை முன்னிற்கின்றன. பொங்கலின் மிளகும், ரசத்தின் புளியும் காரமும் புண்ணை எரிக்கும். அதனால் தாளிக்காமல் சமைப்பதும், சத்துமாவை மெல்லிய சல்லடையில் சலித்துக் காய்ச்சுவதும் நல்லது. சாம்பாரில் ஊறவைத்த இட்லியைவிடப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ ஊறவைத்த இட்லி முதல் வாரத்துக்கு ஏற்றது.

24 மணி நேரம் கழிந்ததும், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் வாயில் வைத்திருந்து தானாக வழியவிட வேண்டும். கொப்பளித்துத் துப்பக் கூடாது. ஈறு மூட மூன்று, நான்கு வாரமாகும். ஒரு வாரத்துக்குப் பிறகும் குழியில் உணவு தங்கினால், வளைந்த முனையுள்ள சிரிஞ்சால் நீர் பாய்ச்சிக் கழுவ மருத்துவர் சொல்லித்தருவார்.

மருந்தும் உணவும்

இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பை புண்ணாகலாம். டாக்சிசைக்ளின் எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தால் அதைப் பாலோடு சேர்த்து விழுங்கக் கூடாது; பாலின் கால்சியம் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இரு பக்கமும் இடர் உண்டு. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை தாழும். நீர்த்த கஞ்சியை மட்டும் குடித்தால் சட்டென்று ஏறும். மருந்தளவை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவைப்பது நல்லது.

தாடை எலும்பு முறிந்து பற்களைக் கம்பியால் கட்டியவர்களின் நிலை வேறு. நான்கிலிருந்து ஆறு வாரம்வரை, மிக்ஸியில் அரைத்து வடிகட்டிய நீராகாரம்தான். கடைசிப் பல்லுக்குப் பின்னாலுள்ள இடைவெளி வழியே அது உள்ளே போகும். எடை குறைவது சகஜம் என்பதால் சிறிது சிறிதாக ஆறேழு வேளை கொடுக்கிறார்கள். வாந்தி வந்தால் மூச்சடைக்காமல் கம்பியை உடனே அறுக்க, ஒரு வெட்டுக்குறடு நோயாளியின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். எந்தக் கம்பியை வெட்டுவது என்பதை வீடு திரும்புமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.