நடுவர் தீர்ப்பும் நிகழ்தகவும்

டிக்கோயாவின் தரவளை மைதானத்தில் ஆங்கிலத் துரைமார் 19ஆம் நூற்றாண்டிலேயே துடுப்பாட்டம் ஆடினர். ஆட்ட விதிகளை வகுத்தோரும் அவர்தம் நாட்டினரே. தேயிலைத் தோட்டத் தொழிலுக்கென வந்த ஒருவரின் பேரன் அவ்விதிகளுள் ஒன்று திருந்தக் காரணமாவார் என அன்று எவரும் எண்ணியிரார். கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர். பேரனின் வரலாறு புள்ளிவிபரவியல் கற்பிப்போர்க்குச் சிறந்ததொரு பாடமாகும்.

1995 டிசெம்பர் 26ஆந் திகதி மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயர், முரளிதரன் பந்தை வீசாது எறிகிறார் எனக் கொண்டு ஏழு முறை ‘நோ போல்’ அறிவித்தார். பந்து கையை விட்டு அகலுமுன் மடங்கிய முழங்கை நிமிருமாயின் அஃது எறிதலாம். 1996 சனவரியில் பிரிஸ்பேனில் வேறொரு நடுவரும் அவ்வாறே தீர்ப்பளித்தார். இருவர் கண்டது பிழையாகுமோ?

பத்துத் தீர்ப்பில் ஒன்று தவறும் நடுவர் இருவர், ஒருவரையொருவர் சாராது தீர்ப்பளிப்பின், இருவரும் ஒருங்கே தவறும் நிகழ்தகவு நூற்றில் ஒன்றேயாம். ஆனால், ஒரே தோற்றம் இருவரையும் மயக்குமாயின் இப்பெருக்கல் செல்லாது. முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதும் நிமிராதது. வளைந்த கை சுழல்கையில் நிமிர்வது போலத் தோன்றுகிறது என்பதை 1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழகச் சோதனைகள் புலப்படுத்தின. மாணவர் வளைந்த தேயிலைக் கொப்பொன்றை வெயிலிற் பிடித்து மெல்லச் சுழற்றி, நிழலின் கோணத்தைப் பாகைமானியால் அளந்து பார்க்கலாம். கொப்பு மாறாதிருக்க நிழலின் கோணம் மாறும். அந்நிழலை நூறு பேர் கண்டாலும் அவை நூறு சான்றுகள் ஆகா.

இரண்டாம் பாடம் தவறுகளின் வகை பற்றியது. குற்றமற்றவரைத் தண்டித்தல் ஒன்று. குற்றமுடையவரை விடுத்தல் மற்றொன்று. ஐயத்தின் பயனைத் துடுப்பாட்டக்காரருக்கு அளிப்பது மரபு. அக்கால விதியோ, பந்துவீச்சின் நேர்மையில் நடுவருக்கு முழுத் திருப்தி இல்லையெனின் ‘நோ போல்’ அறிவிக்கப் பணித்தது. ஐயத்தின் சுமை பந்துவீச்சாளர் தலைமேல் ஏறிற்று.

2004இல் முரளிதரனின் ‘தூஸ்ரா’ என்னும் பந்து மீண்டும் அளக்கப்பட்டபோது, முழங்கை ஏறத்தாழ 14 பாகை நிமிர்வது தெரிந்தது. சுழற்பந்துக்கு அன்றைய எல்லை 5 பாகையே. எனினும், ஐயத்துக்கு இடமற்றோர் எனக் கருதப்பட்ட பிறரை அளந்தபோது, அவருள்ளும் பலர் தத்தமக்குரிய எல்லையைக் கடந்திருந்தனர். 2005 முதல் அனைவர்க்கும் 15 பாகை என எல்லை வகுக்கப்பட்டது. அவர் பொருட்டே விதி தளர்ந்தது என்பாரும் உளர். எல்லை உயர்ந்தால் குற்றமற்றவர் தண்டனை குறையும். குற்றமுடையவர் தப்புதல் கூடும். இரண்டையும் ஒருங்கே ஒழிக்கும் எல்லை எதுவும் இல்லை. ஆயினும் ஒருவரை மட்டும் அளந்து ஏனையோரைக் கண்ணால் மதித்தல் நீதியன்று. எல்லோரையும் ஒரே கோலால் அளத்தலே நீதி.

2010 யூலையில் காலியில் முரளிதரன் தமது 800ஆவது ரெஸ்ட் விக்கெட்டைக் கைப்பற்றி ஓய்வுபெற்றார். மலைநாட்டு மாணவர் அவ்வெண்ணை நன்கறிவர். அதன் பின்னால் நிற்கும் 15 என்ற எண்ணையும் அவர்கள் ஆராய்வாராயின், சராசரியும் வழுவும் வெறுங் கணக்கல்ல, ஒரு மனிதனின் மானத்தையே நிறுக்கும் தராசு என்பதை உணர்வர்.