வைக்கோலுக்கு வழிவிட்ட தோல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மார்க்கோர், ஐபெக்ஸ் ஆகிய காட்டாடுகளை வேட்டையாடக் காஷ்மீர் மலைகளுக்குச் சென்ற ஆங்கிலேயர், அடியில் இரும்பாணி அறைந்த கனத்த தோல் பூட்ஸுகளைக் கொண்டுசென்றனர். அவை நெடுநாள் உழைத்தன. ஈரப் புல்தரையில் நன்கு ஊன்றி நின்றன. வழவழப்பான பாறையிலோ ஆணிகள் வழுக்கின. அவை கல்லில் உரசும் ஒலி, விலங்கை முன்னதாகவே எச்சரித்தது. பனியில் இரும்பு, பாதத்தின் வெப்பத்தை வெளியே கடத்தியது.

உடன்சென்ற உள்ளூர் ஷிகாரிகள் அணிந்தவை வைக்கோலைத் திரித்துப் பின்னிய செருப்புகள். காஷ்மீரியில் அவற்றுக்குப் 'புல்ஹோர்' என்று பெயர். அவை பாறையைப் பற்றின, ஓசை எழுப்பவில்லை, ஆனால் விரைவில் தேய்ந்தன. வழியிலேயே புதியவற்றைப் பின்னிக்கொள்ள முடிந்ததால் அது பெருங்குறையாகக் கருதப்படவில்லை. ஒரு பயணத்தில் எத்தனைச் செருப்புகள் தேயும் என்பதைக் கொண்டு தொலைவைக் கணக்கிடும் வழக்கமும் அங்கு இருந்தது.

செங்குத்தான சரிவுகளில் ஆங்கிலேயர் பலரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, பெருவிரலுக்குத் தனியிடம் விட்டுத் தைத்த தோல் காலுறையின் மேல் புல்செருப்பை அணியலாயினர். குளிரைத் தடுக்கும் பணி தோலுக்கும், பாறையைப் பற்றும் பணி வைக்கோலுக்கும் எனப் பிரிந்தது.

இவ்விரு பணிகளையும் ஒரே காலணி ஏற்பதற்கு ரப்பர் வரவேண்டியிருந்தது. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு மலையேறிகள் இறந்ததைத் தொடர்ந்து, இத்தாலியரான விட்டாலே பிராமானி 1937இல் ஆழ்ந்த பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடித்தளத்தை உருவாக்கினார். காலணியின் ஆயுளைவிடக் காலின் பிடிமானமே முதன்மையானது என்பதைக் காஷ்மீர் ஷிகாரிகள் அதற்கு வெகுமுன்னரே தம் தேர்வால் உணர்த்தியிருந்தனர்.