எண்ணாக மாறிய பார்வை: மார்கன் வெள்ளி டாலரும் நாணயத் தரநிலையின் வரலாறும்

முன்னுரை

ஒரே ஆண்டில் ஒரே அக்கசாலையில் அச்சான இரண்டு மார்கன் வெள்ளி டாலர்களை எடுத்துக்கொள்வோம். எடை இரண்டுக்கும் 26.73 கிராம், வெள்ளி இரண்டிலும் 90 விழுக்காடு. ஒன்றின் உறையில் எம்.எஸ்.63 என்றும் மற்றதன் உறையில் எம்.எஸ்.67 என்றும் பொறித்திருந்தால் விலை பல மடங்கு வேறுபடும். எம்.எஸ். (மின்ட் ஸ்டேட்) என்பது தேயாத நிலையைக் குறிப்பதால், இரண்டுமே புழக்கத்துக்குப் போகாதவை. தேய்மானம் எதிலும் இல்லை. அப்படியானால் அந்த எண் எதைத்தான் அளக்கிறது?

1 முதல் 70 வரையான இந்த அளவுகோல் தேய்ந்த செப்புக் காசுகளுக்கு விலை சொல்ல உருவானது. தேயாத வெள்ளி டாலர்கள் லட்சக்கணக்கில் சந்தைக்கு வந்தபோதுதான் அது இன்றைய வடிவத்தைப் பெற்றது. இந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க, பிரித்தானிய ஏலப் பட்டியல்கள் நாணயத்தின் நிலையைச் சொற்களால் குறித்தன: குட், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட். இவை எல்லாமே நாணயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற ஒரே கேள்விக்கான விடைகள். எழுத்துகள் தெரிகின்றனவா, உருவத்தின் தலைமுடி இழைகள் பிரிந்து நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லை எங்கே என்பது வணிகருக்கு வணிகர் மாறியது. வாங்கும்போது ‘ஃபைன்’ ஆக இருந்தது, விற்கும்போது ‘வெரி ஃபைன்’ ஆயிற்று.

ஷெல்டனின் எழுபது

இந்தக் குழப்பத்துக்கு எண்ணால் தீர்வு காண முயன்றவர் வில்லியம் ஷெல்டன். மனிதர்களின் உடலமைப்பை எண்களால் வகைப்படுத்திய உளவியலாளர் அவர். அமெரிக்காவின் தொடக்ககாலப் பெரிய செப்புக் காசுகளைச் சேகரித்தவரும்கூட. அக்காசுகளைப் பற்றி 1949-இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த அளவுகோல் இடம்பெற்றது.

எந்தக் காசு என்று இனங்காண மட்டுமே முடிகிற, மிகத் தேய்ந்த காசுக்கு 1. குறையே இல்லாத காசுக்கு 70. இந்த 70 தற்செயலானதல்ல. குறையற்ற காசு, மிகத் தேய்ந்த அதே வகைக் காசைப் போல் ஏறத்தாழ எழுபது மடங்கு விலை போகும் என்பது அவர் கணிப்பு. அடிப்படை விலையைத் தர எண்ணால் பெருக்கினால் சந்தை விலை கிடைத்துவிட வேண்டும். ஆக, இந்த எண் தொடக்கத்தில் ஒரு விலை வாய்ப்பாடு. சில ஆண்டுகளுக்குள்ளேயே தேயாத காசுகளின் விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறி, வாய்ப்பாடு பொய்த்தது. எண்கள் மட்டும் தங்கிவிட்டன.

அந்த எண்களின் பங்கீடு கவனிக்கத்தக்கது. 1 முதல் 59 வரை முழுவதும் தேய்ந்த காசுகளுக்கு உரியது. தேயாத நிலைக்கு 60, 65, 70 என்ற மூன்றே படிகள். செப்புக் காசுகளில் தேயாதவை மிக அரிது என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது.

மூட்டைகளில் கிடந்த வெள்ளி

வெள்ளி டாலரின் கதை வேறு. 1878-ஆம் ஆண்டின் பிளாண்டு–அலிசன் சட்டம், மாதந்தோறும் 20 முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை வாங்கி நாணயமாக்க அரசைக் கட்டாயப்படுத்தியது. வெள்ளிச் சுரங்க நலன்களின் அழுத்தம் அச்சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. மக்களின் தேவை அல்ல. ஜார்ஜ் மார்கன் வடிவமைத்த டாலர் 1878 முதல் 1904 வரையும் மீண்டும் 1921-லும் அச்சாகி 65 கோடியைத் தாண்டியது. கனத்த நாணயத்தைச் சுமக்க விரும்பாத மக்கள் அதற்கு ஈடான வெள்ளிச் சான்றுத் தாள்களையே கையாண்டனர். நாணயங்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணி மூட்டைகளில் கட்டப்பட்டுக் கருவூலத்தில் கிடந்தன. 1918-ஆம் ஆண்டின் பிட்மன் சட்டப்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்ட பிறகும் பெருந்தொகை எஞ்சியது.

1962 இறுதியில் கருவூலம் பழைய மூட்டைகளைத் திறந்தது. பெரும் அரிய நாணயமாகக் கருதப்பட்டுவந்த 1903 நியூ ஆர்லியன்ஸ் டாலர் மூட்டை மூட்டையாக வெளிவர, அதன் விலை சரிந்தது. 1964 மார்ச்சில் அரசு விநியோகத்தை நிறுத்தியபோது ஏறத்தாழ 30 லட்சம் நாணயங்கள் மிஞ்சின; பெரும்பாலானவை கார்சன் சிட்டியில் அச்சானவை. அவற்றை அரசின் பொதுச் சேவை நிர்வாகம் 1972 முதல் 1974 வரையும் பின்னர் 1980-லும் அஞ்சல்வழி விற்றது.

இவ்வாறு பல பத்தாண்டுப் பழைமையும் தேயாத மேற்பரப்பும் உடைய நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றைத் தேய்மானத்தால் தரம் பிரிக்க வழியில்லை. வேறுபாடு முழுவதும் 60-க்கு மேலே இருந்தது. அளவுகோலின் படிகளோ அதற்குக் கீழே இருந்தன.

கண் பார்ப்பவை

ஆகவே தர மதிப்பீட்டாளரின் கண் புதிய இடங்களுக்கு நகர்ந்தது. முதலாவது, மூட்டைத் தழும்புகள். நாணயத்தோடு நாணயம் உரசி ஏற்பட்ட வெட்டுகள் அவை. மார்கன் டாலரில் சுதந்திர தேவியின் கன்னம் அகன்று வெறுமையாக இருப்பதால், அங்கே விழும் சிறு தழும்பும் பளிச்சென்று தெரியும். தலைமுடிக்குள் ஒளிந்துகொள்ளும் அதே அளவுத் தழும்புக்கு அவ்வளவு தண்டனை இல்லை.

இரண்டாவது, பொலிவு. அச்சின் அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கி வழிந்து நுண்வரிகளை உண்டாக்குகிறது. நாணயத்தை விளக்கொளியில் சாய்த்தால் வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளிக்கீற்றுகள் சுழல்வது இந்த வரிகளால்தான். கருத்த வெள்ளியை அமிலக் கரைசலில் முக்கி வெளுக்கச் செய்தால், வெள்ளி சல்ஃபைடு படலத்தோடு இந்த வரிகளும் சிறிது கரையும். பலமுறை முக்கிய நாணயம் வெண்மையாக இருந்தும் உயிரற்றுத் தோன்றும்.

மூன்றாவது, அச்சின் அழுத்தம். நியூ ஆர்லியன்ஸ் டாலர்கள் பலவற்றில் காதுக்கு மேலுள்ள முடியும் கழுகின் மார்பு இறகுகளும் அச்சிலேயே மழுங்கியவை. தேய்மானம் முதலில் தெரியும் இடங்களும் அவைதான். மழுங்கிய இடத்தில் பொலிவு தடைபடாமல் ஓடினால் அது வலுக்குறைந்த அச்சு. நின்று மங்கினால் தேய்மானம். 1880-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானவை இதற்கு நேரெதிராகக் கூர்மையானவை. நான்காவது கண்கவர்ச்சி, இதில் ரசனைக்கும் இடமுண்டு.

நூலிலிருந்து நிறுவனத்துக்கு

மதிப்பீட்டை நூலாக்கும் முயற்சிகள் அடுத்தடுத்து நடந்தன. 1958-இல் பிரௌனும் டன்னும் எழுதிய கையேடு, 1970-இல் ஜேம்ஸ் ரட்டி புகைப்படங்களோடு வெளியிட்ட ‘ஃபோட்டோகிரேடு’, 1977-இல் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் அதிகாரபூர்வத் தரநூல் ஆகியவை முக்கியமானவை. சங்கத்தின் நூல்தான் ஷெல்டனின் எண்களை எல்லா அமெரிக்க நாணயங்களுக்கும் பொதுவாக்கியது. தேயாத நாணயத்துக்கு அதிலும் மூன்றே படிகள் இருந்தன. பின்னர் 63, 67 சேர்ந்தன.

நாணயம் உண்மையானதா என்று சான்றளிக்க 1972-இல் தொடங்கிய சங்கத்தின் ஆனாக்ஸ் பிரிவு, 1979-இல் தரமும் சொல்லத் தொடங்கியது. முகப்புக்கு ஓர் எண், பின்புறத்துக்கு ஓர் எண் என்று புகைப்படச் சான்றிதழ் வழங்கியது. சான்றிதழும் நாணயமும் தனித்தனியே இருந்ததால், ஒன்றுக்குப் பதில் வேறொன்றை வைத்து விற்க இடமிருந்தது.

1986-இல் டேவிட் ஹால் உள்ளிட்ட வணிகர்கள் நிறுவிய பி.சி.ஜி.எஸ்., நாணயத்தை நெகிழிப் பெட்டிக்குள் மூடி முத்திரையிட்டது. தரத்துக்கு நிறுவனம் உத்தரவாதம் தந்தது. 60 முதல் 70 வரை பதினொரு படிகளும் நடைமுறைக்கு வந்தன. அடுத்த ஆண்டு இதேபோன்ற மற்றொரு நிறுவனமான என்.ஜி.சி. தொடங்கப்பட்டது. நாணயத்தைப் பார்க்காமலே எண்ணைக் கேட்டு விலை பேசும் வணிகம் பிறந்தது. எந்த ஆண்டு நாணயம் எந்தத் தரத்தில் எத்தனை என்ற தொகைப் பட்டியல்களும் வெளிவந்தன. 1884 சான் பிரான்சிஸ்கோ டாலர் 32 லட்சம் அச்சானது. தேய்ந்தது எளிதில் கிடைக்கும், தேயாததோ மிக அரிது. இத்தகைய நிலைசார் அருமைக்கு இப்பட்டியல்கள் எண்வடிவச் சான்றாயின.

எண்ணின் எல்லை

எண் துல்லியமாகத் தோன்றினாலும் தீர்ப்பு மனிதருடையதே. தன் மதிப்பீடு முரணற்றது, புறவயமானது என்று பி.சி.ஜி.எஸ். விளம்பரப்படுத்தியதை அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 1990-இல் கேள்விக்குள்ளாக்கியது; விளம்பரங்களில் எச்சரிக்கைக் குறிப்புச் சேர்க்க நிறுவனம் இணங்கியது. அதே ஆண்டில் மார்கன் டாலர்களைத் தரம்பிரிக்க அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய கணினி முறை நிலைக்கவில்லை. தழும்பை எண்ணக் கணினியால் முடிந்தது. கண்கவர்ச்சியை எடைபோடுவதே சிக்கல். 2007-இல் ஜான் அல்பனீஸ் தொடங்கிய சி.ஏ.சி., பிறர் தரமிட்ட நாணயங்களை மறுபடி பார்த்து, தரத்துக்குத் தகுந்தவற்றுக்குப் பச்சை ஒட்டி தந்தது. 2010-இல் எண்களின் பின்னே கூட்டல் குறியும் சேர்ந்தது. தீர்ப்பின் மேல் தீர்ப்பு தேவைப்பட்டது என்பதே எண் தன்னளவில் முழுமையல்ல என்பதற்குச் சான்று.

முடிவுரை

இவ்வரலாற்றில் தர எண் மூன்று கட்டங்களைக் கடந்திருக்கிறது. ஷெல்டனிடம் அது விலையின் மடங்கு; சங்கத்தின் நூலில் நிலையின் விவரிப்பு; முத்திரையிட்ட பெட்டியில் மறுபடியும் விலை. தேய்மானத்தை அளந்த கருவி, தேயாத நாணயங்களின் அழகை வரிசைப்படுத்தும் கருவியாக மாறியதற்குக் காரணம் கருவூலத்தில் தேங்கிய வெள்ளி.

இன்று விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து இந்திய வெள்ளி ரூபாய்களும் இதே எண்களோடு ஏலத்துக்கு வருகின்றன. அவை மார்கன் டாலரைப் போல மூட்டையில் முடங்கியவை அல்ல. சந்தையிலும் சம்பளத்திலும் கைமாறிப் பெரும்பாலும் தேய்ந்தவை. அவற்றின் தரம் அளவுகோலின் கீழ்ப்பகுதியில்தான், அதாவது செப்புக் காசுகளுக்கென்று ஷெல்டன் வகுத்த படிகளில்தான், பெரும்பாலும் தீர்மானமாகிறது. ரூபாய் சேகரிப்பவர் அமெரிக்கச் சந்தையின் எம்.எஸ். நுணுக்கங்களைவிட, எந்த மேட்டில் தேய்மானம் முதலில் தொடங்குகிறது என்பதை ஆட்சிக்கு ஆட்சி, அச்சுக்கு அச்சு கற்பதே பயன் தரும்.