மாரிகுப்பத்துச் சங்கமும் அதன் தொன்மங்களும்

தமிழில் ‘சங்கம்’ என்னும் சொல் மூன்று வாழ்வு வாழ்ந்திருக்கிறது. பௌத்தத் துறவியர் கூட்டத்தைக் குறித்தது ஒன்று. மதுரையில் புலவர்கள் கூடித் தமிழாய்ந்ததாகச் சொல்லப்படும் அவைக்குப் பெயரானது மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டில் தொழிலாளர் அமைப்பைச் சுட்டியது மூன்றாவது. இம்மூன்று பொருளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்ட இடம் கோலார் தங்கவயல். அதிலும் குறிப்பாக, மைசூர் மைன்ஸை ஒட்டிய மாரிகுப்பம்.

1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் சுரங்கங்கள் பெருகின. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாக வந்தனர். நிலத்தடியில் உழைத்தவருள் பெரும்பாலோர் ஊருக்குள் இடமற்றவராக ஒதுக்கப்பட்ட சாதியினர். சுரங்க லைன்களின் தட்டி வீடுகளில் வறுமை இருந்தது. ஆனால் பண்ணையாரின் நேரடி அதிகாரம் இல்லை. மாதச் சம்பளம் கைக்கு வந்தது. அச்சிதழ் வாங்கவும், கூடிப் படிக்கவும், தமக்கென ஒரு கூடம் அமைக்கவும் அது வழிசெய்தது.

1898-இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாசப் பண்டிதர், சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் பிறந்தது. மறு ஆண்டில் ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கியது. சங்கத்தின் கிளைகளுள் வலுவானவற்றுள் ஒன்று, எம்.ஒய். முருகேசர் முன்னின்று நடத்திய மாரிகுப்பம் கிளை. மூல நெறியில் ‘சங்கம்’ துறவியருக்கு உரியது. இங்கோ அதன் உறுப்பினர்கள் இல்லறத்தார், சுரங்கத் தொழிலாளர். திருமணமும் இறுதிச் சடங்கும் புரோகிதரின்றிப் பௌத்த முறைப்படி நடந்தன. சொற்பொழிவும் வாசிப்பும் வழிபாட்டின் பகுதியாயின.

அவ்வாசிப்பில் ஒலித்தவை பெரும்பாலும் தொன்மங்களே. ஐந்து இந்திரியங்களை வென்றமையால் புத்தர் ‘ஐந்திரர்’, அதுவே ‘இந்திரர்’ ஆயிற்று. அவர் நெறி தழைத்த நாடே இந்திய தேசம் என்றார் அயோத்திதாசர். போகிப் பண்டிகையைப் போதியோடு இணைத்தார். தீபாவளி, எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டறிந்ததைக் கொண்டாடிய நாள் என்றார். இன்று இழிந்தோர் எனப்படுவோர் அன்றைய பௌத்தரே. வேடம் பூண்டு வந்தவர்களால் வீழ்த்தப்பட்டனர் என்பது இக்கதைகளின் உள்ளோட்டம்.

மொழியியல் இவற்றுள் பலவற்றை ஏற்காது. இந்திரன் என்னும் பெயர் புத்தருக்கு முற்பட்ட இருக்கு வேதத்திலேயே உண்டு. ‘இந்தியா’ சிந்துவிலிருந்து பாரசீகம், கிரேக்கம் வழியாக வந்த பெயர். ‘போதி’ ‘போகி’ ஆவதற்கு ஒலிமாற்ற விதி துணைநில்லாது. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ‘எண்ணெய்’ என்னும் பொதுச்சொல் ‘எள் + நெய்’ என்பதே. தீபாவளிக் கதை நிறுவப்படாவிடினும், அது ஊன்றி நிற்கும் சொல்லாராய்ச்சி பிழையற்றது.

கேட்க வேண்டிய வினா வேறு: இச்சொல்விளக்கங்கள் கேட்டவருக்கு என்ன செய்தன? கல்வெட்டும் தலபுராணமும் பிறர் கையிலிருந்தபோது, அன்றாடம் புழங்கும் சொற்களே இம்மக்களிடம் எஞ்சிய ஆவணம். பண்டிகைப் பெயரைத் திறந்து பார்த்து, அதற்குள் தம் முன்னோரைக் கண்டனர். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைப் பௌத்தராகப் பதியுமாறு அயோத்திதாசர் வேண்டியபோது, அவ்வேண்டுகோளுக்கு அடித்தளமாக இருந்தது இக்கதையாடலே. தீண்டப்படாதாரின் முன்னோர் பௌத்தராயிருந்தவர் என்னும் கருத்தை அம்பேத்கர் வேறு சான்றுகளோடு நூலாக்கியது 1948-இல்.

1914-இல் அயோத்திதாசர் மறைந்தபின் இயக்கத்தின் எடை தங்கவயல் பக்கம் சாய்ந்தது. 1926-இல் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் ‘தமிழன்’ இங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கென ஏற்கப்பட்ட தொழிற்சங்கம் இல்லை. கூடிப் பேசவும் முடிவெடுக்கவும் பழகிய களங்களுள் பௌத்த சங்கமும் ஒன்று. சங்கம் போராட்டத்தை நடத்தியது எனல் மிகை. பழக்கத்தை ஊட்டியது எனலாம்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்கு ஈராண்டு முன்னர், 1999-இல், ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கின. பண்டிதரின் எழுத்து கல்விப்புலத்துக்குப் புதிதாகத் தோன்றியது அப்போதுதான். தங்கவயலுக்கு அது புதிதன்று; தட்டி வீடுகளில் ஏற்கெனவே உரக்க வாசிக்கப்பட்டது. அயோத்திதாசர் ‘மீட்டெடுக்கப்பட்டார்’ என்று எழுதும் ஆய்வாளர், இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகளில் அவரை இழக்காமல் காத்தவர் யார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.