படியேறுவோர் பாராத கல்

பகுத்தறிவு பேசுவோனுக்குத் திருத்தலப் பாதையிலே என்ன வேலை என்று தோழர்கள் நம்மைக் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். கற்பூரம் காட்டும் வழி நமக்கு ஆகாது என்பது மெய். ஆனால் அந்த வழியை அமைத்தது கற்பூரமன்று, மனிதரின் கால்கள். அக்கால்கள் எங்கிருந்து வந்தன, எதற்காக வந்தன, எவருடைய கால்களைத் தடுத்து நிறுத்தின என்பதைத் தலபுராணம் சொல்லாது. கல் சொல்லும். படிக்கத் தெரிந்தவன் ஒதுங்கி நின்றால், கல்லும் கதை சொல்பவன் கைக்கே போய்ச் சேரும்.

பழனியையோ திருப்பதியையோ நாம் குறிப்பிடவில்லை. பரங்கிமலையிலே தொடங்கி, பல்லாவரம், திருநீர்மலை வழியே தாம்பரம் சேர்ந்து, முடிச்சூரைக் கடந்து மணிமங்கலத்தில் முடியும் சிறு வழி ஒன்று உண்டு. இரண்டு ஞாயிறுகளில் நடந்து முடிக்கலாம்.

பரங்கிமலை உச்சியிலே தேவாலயம். புனித தோமையார் இங்கே உயிர் நீத்தார் என்பது நம்பிக்கை. அங்குள்ள கற்சிலுவை குருதி வியர்த்தது என்பது அந்நம்பிக்கையின்மேல் ஏறிய கதை. சிலுவையைச் சுற்றிச் செதுக்கப்பட்டிருப்பவையோ பழம் பாரசீகத்தின் பகலவி எழுத்துகள்! குருதிக் கதையைக் கேட்டு உருகியவர் எண்ணற்றோர். கடல் கடந்து வந்த ஒரு கூட்டம் இக்கரையிலே வாழ்ந்தது என்று அவ்வெழுத்து அறிவிப்பதைக் கேட்டவர் எத்தனை பேர்? பக்தர் ஏறும் படிகளை அமைத்தவர் பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது 1726-இல் பாலம் அமைத்தவரும் அவரே.

இதே மலைக்கருகிலிருந்துதான் 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் நிலத்தை அளக்கத் தொடங்கினார். நூறடிச் சங்கிலி ஒன்றைக்கொண்டு பெரும்பாக்கத்துக் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்தை வெயிலிலே அளந்தார். அந்தக் கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாக எழுந்த கணக்கு, தெற்கே குமரிவரை சென்றது. வடக்கே இமயம்வரை சென்றது. எவரெஸ்டின் உயரம் 1856-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் அந்தக் கணக்கின் தொடர்ச்சியே. கயிலையை எண்ணிக் கண்மூடுவோர் நாட்டிலே, இமயத்தை அளக்கப் புறப்பட்ட முதற்கோடு பரங்கிமலை அடிவாரத்துக் கோடு!

மலையின் பாறையும் சாதாரணப் பாறை அன்று. கல்கத்தாவிலுள்ள யோப் சார்னக் கல்லறையின் கல் இப்பகுதியிலிருந்து சென்றது. அதை ஆராய்ந்த தாமஸ் ஆலந்து, பாறைக்குச் ‘சார்னகைட்’ என்று பெயரிட்டார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையான பாறை அது. யுகக்கணக்கு ஓதுவோர் இந்தக் கணக்கை ஓதக் கேட்டதில்லை. பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் அந்தப் பாறையை உடைத்துச் சல்லியாக்கி விற்றார்கள், குன்றுகள் குழிகளாயின. உச்சியிலே கோயில் இருந்தால் குன்று பிழைத்தது, இல்லையேல் வெடிமருந்துக்கு இரையாயிற்று என்று சொன்னால் மிகையாகாது. பக்திக்கு அந்த ஒரு நன்மையை நாமும் ஒப்புக்கொள்ளலாம்.

பல்லாவரத்திலே 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் சரளைக்குழியிலிருந்து ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்நாட்டிலே பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று அதுவே. வேதத்துக்கும் முந்தியது, மொழிகளுக்கும் முந்தியது, கடவுளர் பெயர்களுக்கும் முந்தியது அந்தக் கை. அதே ஆண்டிலே அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். அங்கே கிடைத்த கருவிகள் 15 இலட்சம் ஆண்டு வரை பழமையானவை என்று 2011-இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

அவ்வூர்க் குன்றிலே மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டிலே குடைந்த குகை இருக்கிறது. அவனுடைய விருதுப்பெயர்களும் கல்லிலே உள்ளன. உள்ளே ஐந்து அறைகள். ஐந்து என்றதும் மக்கள் என்ன செய்தார்கள்? ‘பஞ்சபாண்டவர் மலை’ என்றார்கள்! பாரதத்தின் ஐவர் பல்லாவரத்துக்கு வந்ததாக எந்தக் கல்லும் கூறவில்லை. இன்று அக்குகை தர்காவாக விளங்குகிறது. பல சமயத்தாரும் வருகிறார்கள். அதிலே நமக்கு வருத்தமில்லை. வந்தவர் ஒருவரும் மகேந்திரன் பெயரைக் கேளாமல் திரும்புவதே வருத்தம். காபாலிகனும் பௌத்தத் துறவியும் ஒரு மண்டையோட்டுக்காகச் சண்டையிடுவதாக ‘மத்தவிலாசம்’ என்னும் எள்ளல் நாடகம் எழுதிய வேந்தன் அவன். பூசலுக்குக் காரணமான ஓட்டைக் கவ்விச் சென்றது ஒரு நாய். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசன் சமய வேடத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறான்!

திருநீர்மலையிலே வேறொரு பாடம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாகவும், வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்ததாகவும் சொல்வர். ஆழ்வாரின் அருளை விட்டுவிட்டு வெள்ளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இது நீர் தங்கும் நிலம் என்பதைக் கதை மறக்கவில்லை. வீட்டுமனை விற்றவர் மறந்தார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர்த் தெருக்களிலே படகு விட வேண்டியதாயிற்று.

தாம்பரம் இருப்புப்பாதையால் வளர்ந்த ஊர். 1931-இலேயே கடற்கரையிலிருந்து மின்சார இரயில் வந்துவிட்டது. 1937-இல் கிறித்துவக் கல்லூரியும் வந்தது. அங்கே நிற்காமல் மேற்கே நடப்போம்.

மணிமங்கலம்! முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களுள் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறும் ஊர். சோழர் காலத்திலே இதற்கு ‘உலோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம்’ என்று பெயர். பெயரே வரலாறு சொல்கிறதன்றோ? நான்மறை கற்றோருக்கு ஊரே உரியதாயிற்று. ஏர் பிடித்தவன் பெயர் ஊர்ப்பெயரில் ஏறவில்லை. இராசகோபாலப் பெருமாள் கோயில் சுவரிலே வீரராசேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கூடல்சங்கமத்திலே சாளுக்கியரை வென்ற செய்தியை முழங்குகிறது. அச்சுவர்களிலே நிலக்கொடைகளும் உண்டு. எழுத்தும் தமிழ், மொழியும் தமிழ். படித்து 1899-இல் நூலாக அச்சிட்டவரோ ஊல்ச் என்னும் செருமானியர்.

அந்த நிலங்களை உழுதவர் எங்கே இருந்தனர்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ‘தீண்டாச்சேரி’ என்றும் ‘பறைச்சேரி’ என்றும் தனியே குறித்து வைத்திருக்கிறது. மணிமங்கலத்துக் கல் வெட்டப்பட்டது பதினொன்றாம் நூற்றாண்டில். சேரியில் ஒதுக்கப்பட்ட மக்கள் இத்தகைய சுவர்களின் அருகே செல்லச் சென்னை மாகாணம் முழுவதற்கும் உரிமை வழங்கிய சட்டம் வந்தது 1947-இல். தாம் உழுத நிலத்தின் எல்லையை எழுதிய சுவரை, ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் அவர்கள் தொலைவிலிருந்தே பார்த்திருந்தனர்.