நெடுந்தீவு வண்டிகளின் தலைக்கு மேலுள்ள இரும்பு

நெடுந்தீவைப் பற்றி எழுதுவோர் குதிரைகளையும் பெருக்கமரத்தையும் கல்வேலிகளையும் விட்டு அப்பால் செல்வதில்லை. நானும் முன்பு அவ்வாறுதான் எழுதியிருக்கிறேன். அந்தத் தீவில் மனிதரைச் சுமந்தோடும் வண்டிகளைப் பற்றி எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. இன்று அவற்றின் தலைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கும் இரும்புக் குழாய்களைப் பற்றிச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று வரும் தரைவழி குறிகட்டுவான் இறங்குதுறையோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். ஆகவே, நெடுந்தீவில் உருளும் ஒவ்வொரு சக்கரமும் என்றோ ஒருநாள் கடல் கடந்து வந்ததுதான். லாண்ட்மாஸ்டர், பெட்டி பூட்டிய உழவு இயந்திரம், பிக்கப், பட்டா எனப்படும் சிறிய லொறி, முச்சக்கர வண்டி ஆகியவை அங்கே ஓடுகின்றன. திறந்த பெட்டியுள்ள வண்டிகள் பலவற்றில் நான்கு மூலையிலும் குழாய்களை நிறுத்தி, மேலே சட்டம்போல் இணைத்திருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில், வெளிநாடுகளில் கரடுமுரடான நிலத்தில் ஓடும் ஜீப்புகளுக்குப் பூட்டும் 'ரோல் கேஜ்' என்ற கவிழ்வுக் கூடு என்றே தோன்றும்.

நான் ஏறிய வண்டியின் சாரதியிடம் இது எதற்கு என்று கேட்டேன்.

"மழை வந்தால் தறப்பாள் கட்டலாம் ஐயா. ஆக்கள் பிடிச்சு நிக்கலாம்."

"வண்டி கவிழ்ந்தால்?"

"இஞ்சை மலையே கிடக்கு, கவிழுறதுக்கு?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. நெடுந்தீவு தட்டையான தீவு. ஆனால் வண்டி கவிழ்வதற்கு மலை வேண்டியதில்லை. சுண்ணக்கல் பரவிய தடத்தில் ஒருபக்கச் சக்கரம் கற்குவியலின்மேல் ஏறினால் போதும். பெட்டியில் பத்துப் பேர் எழுந்து நின்றால் வண்டியின் பாரமையம் இடுப்பளவுக்கு மேலே போய்விடுகிறது. அதன்பின் சிறிய சரிவும் பெரிய சரிவாகிவிடும். லாண்ட்மாஸ்டருக்கு வேறொரு குணமும் உண்டு. இறக்கத்தில், பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது, ஒருபக்கத் திருப்புபிடியை அழுத்தினால் அது எதிர்ப்பக்கம் திரும்பிவிடக்கூடும். பழகியவருக்கு இது தெரியும். பழகாதவர் கைக்கு அந்தக் கைபிடி போகும் நாளில்தான் விபத்து வரும்.

கவிழ்வுக் கூட்டின் வரலாறு ஓட்டப் பந்தயத்தோடு தொடங்கியது என்றே பலரும் நினைக்கிறார்கள். சாதாரண மனிதரைப் பொறுத்தவரை அது உழவு இயந்திரத்தின் வரலாறு. பின்பாரத்தை இழுக்க முடியாமல் முன்சக்கரம் கிளம்பிப் பின்னோக்கிக் கவிழும் உழவு இயந்திரம், ஒன்றரை விநாடிக்குள் ஓட்டுநரின்மேல் விழுந்துவிடுகிறது. முக்கால் விநாடியைக் கடந்துவிட்டால் எந்தத் திறமையாலும் அதை மீட்க முடியாது. குதித்துத் தப்பலாம் என்பது திண்ணைப் பேச்சு. சுவீடன் 1959இல் புதிய உழவு இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே அத்தகைய மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அமெரிக்கா, கூலிக்கு அமர்த்தப்பட்டவர் ஓட்டும் புதிய இயந்திரங்களுக்கு 1976இல்தான் விதி செய்தது. அங்குள்ள உற்பத்தியாளர்கள் பொதுவாகவே பூட்டி விற்கத் தொடங்கியது 1985இல்.

இராணுவங்களும் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றன. இரண்டாம் உலகப்போரின் ஜீப்பில் தலைக்கு மேலே துணிதான் இருந்தது. அதன் வழித்தோன்றலாக வந்து வியட்நாமில் ஓடிய எம்-151 வண்டி, வளைவுகளில் கவிழ்வதற்குப் பேர்போனது. பொதுமக்களிடம் முழு வண்டியாகப் போய்ச் சேரக்கூடாது என்று, கழித்த வண்டிகளை வெட்டித் துண்டாக்கினார்கள். 1980களின் பிற்பகுதியில்தான் எஞ்சியவற்றுக்குக் காப்புச் சட்டம் பூட்டப்பட்டது.

யாழ்ப்பாணத்தாருக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் நம் வீதிகளில் ஓடிய 'பவள்' கவச வாகனம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். தென்னாபிரிக்காவில் உருவான அந்த வாகனத்தின் பெயர் 'பஃபல்'. நம் நாவில் அது பவள் ஆயிற்று. கண்ணிவெடியில் தூக்கியெறியப்பட்டுக் கவிழ்ந்தாலும் உள்ளிருப்பவர் பிழைக்க வேண்டும் என்பதே அதன் அமைப்பின் நோக்கம். பத்துப் பேர் இரு வரிசையாக, முதுகோடு முதுகு வைத்து, பட்டி கட்டி அமர்ந்திருப்பார்கள். திறந்த பெட்டிக்கு மேலே கவிழ்வைத் தாங்கும் இரும்புச் சட்டம். அந்த வாகனத்தை நாம் அச்சத்தோடு பார்த்தோம். அதன் இருக்கைப் பட்டியை எவரும் கவனிக்கவில்லை. கவனிக்கும் நிலையிலும் நாம் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் குடாநாட்டின் கராச்சுகள் வேறொரு கலையில் தேர்ந்திருந்தன. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடை வந்தது. மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். கிடைத்ததைக் கொண்டு காரியம் முடிப்பது என்பது ஒரு தலைமுறையின் பெருமையாயிற்று. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால், மண்ணெண்ணெயில் ஓடிய கார் பழுதானால் வீதியோரம் நின்றுவிடும். நாம் நடந்து வீடு சேர்ந்தோம். கவிழ்வுக் கூட்டின் பழுது வண்டி கவிழும் அந்த ஒரு தடவைதான் தெரியவரும். கிடைத்த குழாயைக் கொண்டு ஒட்டுவது இங்கே பொருந்தாமற் போவது இதனால்தான்.

உண்மையான கூட்டுக்கு என்ன வேண்டும்? சர்வதேச மோட்டார்ப் பந்தயச் சம்மேளனம் கேட்பது, மூட்டுக்கோடு இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த உருக்குக் குழாய். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் சுவர்த்தடிப்பும். சுவர் 2 மில்லிமீற்றராயின் விட்டம் 50. ஏனைய பகுதிகளுக்கு 38 மில்லிமீற்றர் விட்டமும் அதே 2.5 தடிப்பும். வளைவு ஒரே குழாயால் ஆனதாக, சுருக்கம் விழாமல் குளிர்நிலையிலேயே வளைக்கப்பட்டிருக்க வேண்டும். நம் ஒட்டுகடைகளில் மணலை நிரப்பி, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைக்கும் குழாய் இதில் தேறாது. குழாயின் கால் வெறுந்தகட்டில் நிற்கக்கூடாது. குறைந்தது 3 மில்லிமீற்றர் தடித்த, 120 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள தட்டு அடியில் வேண்டும். இல்லையேல் வண்டி கவிழும்போது கால், தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். பிக்கப் போன்ற வண்டிகளில் அந்தக் கால் பெட்டித் தகட்டோடு நின்றுவிடாமல் அடிச்சட்டம் வரை சென்று சேரவேண்டும். நான்கு மூலைக் குழாய்களுக்கிடையே குறுக்குச்சாய்வான குழாய் இல்லையென்றால் அது கூடு அல்ல, பந்தல். பக்கவாட்டில் தள்ளினால் பந்தல் எப்படிச் சாயுமோ அப்படியே சாயும்.

நம்மவர் கையில் அகப்படுவது தண்ணீர்க் குழாய். அது நீரின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. வளைவையும் மோதலையும் தாங்க அல்ல. நாகமுலாம் பூசிய குழாயை அப்படியே ஒட்டினால் எழும் வெண்புகை, ஒட்டியவரை அன்றிரவு குளிர்காய்ச்சலில் நடுங்க வைக்கும். பால் குடித்தால் தீரும் என்பது ஒட்டுகடைகளின் நம்பிக்கை. முலாமை முதலில் அராவிவிட்டு, முகமூடியுடன் காற்றோட்டமான இடத்தில் ஒட்டுவதே பரிகாரம். அராவிய இடத்தை நெடுந்தீவின் உப்புக்காற்று சும்மா விடாது. துளையிட்ட, வாய் அடைக்காத குழாய்க்குள் அந்தக் காற்று புகுந்து உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே பூச்சு பளபளக்க, சுவர் தாள்போல் மெலிந்துவிடும்.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. கூடு காப்பது, இருக்கையில் பட்டி கட்டி அமர்ந்திருப்பவரை. குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் கவிழும்போது வெளியே வீசப்படுவார், அல்லது அந்தக் குழாயிலேயே தலை மோதுவார். பந்தய ஓட்டுநர் தலைக்கவசம் அணிவதும் குழாய்க்கு உறை சுற்றுவதும் இதற்காகவே. நெடுந்தீவு வைத்தியசாலையில் சமாளிக்க முடியாத தலைக்காயத்தை யாழ்ப்பாணம் கொண்டுசெல்ல, முதலில் படகு வேண்டும். பிறகு கடல் அனுமதிக்க வேண்டும்.

திரும்பும் வழியில் இவற்றிற் சிலவற்றைச் சாரதியிடம் சொன்னேன். இறங்குதுறையில் வண்டியை நிறுத்தி, பின்மூலைக் குழாயின் அடிப்பாகத்தை விரலால் சுண்டினார். பூச்சோடு சேர்ந்து சிவந்த துருச் செதில் ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதைச் சிறிது நேரம் பார்த்தார்.

"தட்டு வைச்சு ஒட்டலாம் ஐயா. குறுக்குக் குழாயும் போடலாம். ஆனா, ஆக்களை ஆர் இருத்திறது?" என்றார்.

குறிகட்டுவானிலிருந்து வந்த படகு இறங்குதுறையை அணைந்துகொண்டிருந்தது. இறங்கியவர்கள் மூட்டைகளுடன் ஓடிவந்து, அந்தக் குழாய்களைப் பற்றி ஏறி நின்றார்கள்.